விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கம்பனியை மாற்றியமைத்தால்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் சிறிய நடுத்தர வியாபாரங்களுக்குக் கம்பனிப் பதிவு, அனுமதிப்பத்திர விண்ணப்பம் போன்ற எழுத்து வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். வருகிறவர்கள் கொண்டுவரும் பைல் வேறு வேறாக இருந்தாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அனுமதிப்பத்திரத்துக்குப் போட்ட விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, இடையில் கம்பனியை மாற்றிவிட்டோம் அல்லது மாற்றப் போகிறோம், இனி என்ன நடக்கும்? மாதக்கணக்கில் காத்திருந்த விண்ணப்பத்தை, ஒரு கடிதம் கொடுக்காததால் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பெரிய தொகை சம்பந்தப்பட்ட காரியம் என்றால் இதை வாசித்த பிறகு ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள்.

"கம்பனியில மாற்றம் செஞ்சா முதல் போட்ட அப்ளிகேஷன் தானாவே கேன்சலாகிடுமா?"

தானாக ரத்தாவது குறைவு. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விண்ணப்பம் போட்ட ஆளும், நாளைக்கு அனுமதிப்பத்திரத்தை வாங்கப் போகிற ஆளும் சட்டப்படி ஒரே ஆளா? 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவான கம்பனி தனி ஆள். பங்குதாரர் வேறு, பணிப்பாளர் வேறு, கம்பனி வேறு. பெயர், முகவரி, பணிப்பாளர், பங்குதாரர் இவற்றில் எது மாறினாலும் கம்பனி என்கிற அந்த ஆள் மாறுவதில்லை.

அதே ஆள் என்றால் விண்ணப்பம் நிற்கும். அறிவித்து, விவரத்தைத் திருத்தினால் போதும். வேறு ஆள் என்றால், அலுவலகம் எழுத்தில் சம்மதித்தால் தவிர, புதிதாகப் போட வேண்டி வரும். இன்னொன்றும் இருக்கிறது: சில அனுமதிப்பத்திரங்களுக்குக் கம்பனியின் பின்னால் இருக்கிறவர்களையும் பார்ப்பார்கள். அதைப் பங்கு விற்கிற கேள்வியில் சொல்கிறேன்.

"பேரை மட்டும்தான் மாத்தினம். ஆக்கள் எல்லாம் பழைய ஆக்கள்தான். இதுக்கும் ஏதும் செய்யணுமா?"

செய்ய வேண்டும். ஆனால் இது எல்லாவற்றிலும் இலகுவானது. பெயர் மாற்றத்துக்குப் பங்குதாரரின் விசேட தீர்மானமும் (வாக்களித்தவர்களில் 75 வீதச் சம்மதம்) கம்பனிப் பதிவாளரின் முன் அனுமதியும் தேவை. அதன்பின் பகிரங்க அறிவித்தல் கொடுக்க வேண்டும். பெயர் மாறியதால் கம்பனியின் உரிமையோ கடப்பாடோ மாறாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே விண்ணப்பம் உங்களுடையதுதான்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். விண்ணப்பத்தில் பழைய பெயர். பரிசோதனைக்கு வருகிற உத்தியோகத்தர் வாசலில் புதிய பெயர்ப்பலகையைப் பார்க்கிறார். உள்ளே குத்தகை உறுதி பழைய பெயரில், மின்பட்டியல் காணிக்காரரின் பெயரில், சோலைவரிப் பற்றுச்சீட்டு இன்னொருவர் பெயரில், நீங்கள் நீட்டுகிற கடிதத்தில் ரப்பர் சீல் புதிய பெயரில். அவர் தன் அறிக்கையில் 'விண்ணப்பதாரர் அவ்விடத்தில் இல்லை' என்று எழுதினால் அதில் பிழை சொல்ல முடியாது. பெயர் மாறிய சான்றிதழின் பிரதியோடு ஒரு கடிதத்தை முதலே கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பலகையை மாட்டுவதற்கு முன் கடிதம் போகட்டும்.

"தனி ஆளா பதிஞ்சு கெஸ்ட் ஹவுஸ் நடத்தினன். டூரிஸ்ட் போர்டுக்கு அப்ளை பண்ணிட்டு, இப்ப பிரைவேட் லிமிட்டெட் ஆக்கிட்டன். அது என்ட கம்பனிதானே?"

இதுதான் நான் மிக அதிகமாகக் கேட்கிற கேள்வி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒவ்வொரு வருடமும் யாராவது இந்த நிலையில் இருப்பார்கள். கம்பனி உங்களுடையதுதான், ஆனால் கம்பனி நீங்கள் அல்ல. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்தபோது விண்ணப்பதாரர் நீங்கள், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தோடு. பிரைவேட் லிமிட்டெட் பிறந்த நாளில் புதிய ஆள் ஒருவர் பிறந்துவிட்டார். நூறு வீதப் பங்கும் உங்கள் கையில் இருந்தாலும் அப்படித்தான். 'ஆக்கிட்டன்' என்று சொல்கிறோம். சட்டத்தில் பழையது புதியதாக மாறுவதில்லை. பழையது ஒரு பக்கம் இருக்கிறது, புதியது பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஆகவே உங்கள் பெயரில் போட்ட விண்ணப்பத்தைக் கம்பனி தன்னுடையது என்று சொல்ல முடியாது. அதற்காக எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள். பரிசோதனை இன்னும் நடக்கவில்லை என்றால், விண்ணப்பதாரரை மாற்றி எடுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். சில அலுவலகங்கள் அதே பைலில் புதிய விண்ணப்பப் படிவத்தையும் கம்பனிப் பத்திரங்களையும் சேர்த்துக்கொள்ளும். முடியாது என்றால் உடனே புதிதாகப் போடுங்கள். இங்கே சீசன் மே மாதம் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. பெப்ரவரியில் தெரிந்த பதிலும் ஏப்ரலில் தெரிந்த பதிலும் ஒன்றல்ல.

கம்பனி வந்தால் அதனோடு வேறு சிலவும் புதிதாக வரும்: கம்பனியின் பெயரில் வரி இலக்கம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம். விண்ணப்பத்தில் பழைய இலக்கங்களை வைத்துவிட்டு பெயரை மட்டும் மாற்றினால், அடுத்த மேசையில் பிடிபடும்.

"அப்ப பழைய பேரிலயே லைசன்ஸை எடுத்திட்டு, பிறகு கம்பனிக்கு மாத்தினா என்ன?"

பழைய வியாபாரம் உண்மையாகவே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இது நல்ல வழி. பலருக்கு நானே இதைத்தான் சொல்கிறேன். கம்பனியைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், வியாபாரத்தை அதற்கு மாற்றாதீர்கள். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு, கம்பனியின் பெயரில் புதிய விண்ணப்பமோ மாற்றக் கோரிக்கையோ போடுங்கள்.

ஆனால் பழைய வியாபாரப் பதிவை ரத்துச் செய்துவிட்டு, ஊழியர்களையும் குத்தகையையும் கம்பனிக்கு மாற்றிவிட்டு, விண்ணப்பம் மட்டும் பழைய பெயரில் நகரட்டும் என்று விடுவது வேறு காரியம். இல்லாத ஒருவருக்கு அனுமதிப்பத்திரம் வருகிறது. அது கம்பனியின் வியாபாரத்தைக் காக்காது. காப்புறுதி நட்டஈடு கேட்கும்போதும், வங்கிக் கடன் கேட்கும்போதும் இந்த ஓட்டை தெரியும். அனுமதிப்பத்திரம் பொதுவாக ஆளுக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற ஒன்று. கைமாற்ற வேண்டுமென்றால் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். உங்கள் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளில் கைமாற்றம் பற்றிய வரியைத் தேடி வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

"நாங்க மூணு பேர் பார்ட்னர்ஷிப். ஒராள் விலகிட்டார். விண்ணப்பத்தில மூணு பேர்ட கையெழுத்தும் இருக்கு."

பங்குடைமை கம்பனியைப் போல் தனி ஆள் அல்ல. விண்ணப்பம் மூன்று பேரின் விண்ணப்பம்; ஒருவர் போனால் விண்ணப்பதாரரின் அமைப்பு மாறுகிறது. முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவில் மாற்றத்தைப் பதியுங்கள். பிறகு, விலகியவரின் கடிதம் ஒன்றை வாங்குங்கள்: 'இந்த விண்ணப்பத்தில் எனக்கு இனி உரித்தில்லை, மற்ற இருவரும் தொடர ஆட்சேபனை இல்லை' என்று, ஒப்பமும் திகதியும் சமாதான நீதவானின் அத்தாட்சியும் இருக்கட்டும்.

மனஸ்தாபத்தோடு விலகியவரிடம் இந்தக் கடிதத்தைப் பிறகு வாங்குவது பெரும் பாடு. கணக்குத் தீர்க்கிற அன்றே வாங்கிவிடுங்கள். அவர் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதிவிட்டால் உங்கள் பைல் சர்ச்சையில் உள்ள பைலாக ஒதுங்கிவிடும்.

"அரிசி ஆலைக்கு சுற்றாடல் லைசன்ஸ் கேட்டு வாப்பாட பேரில போட்டது. போன மாசம் வாப்பா மௌத்தாகிட்டார். இனி என்ன செய்யிற?"

ஆலை அவருடைய தனிப்பெயரில் இருந்தால், அந்த விண்ணப்பத்தை அப்படியே பிள்ளைகள் எடுத்துக்கொள்ள முடியாது. முதல் வேலை, இறப்புச் சான்றிதழின் பிரதியோடு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ, சிறிய தொழில் என்றால் விண்ணப்பத்தை ஏற்ற உள்ளூராட்சி சபைக்கோ அறிவிப்பது. வாரிசுகளில் யார் ஆலையைத் தொடர்ந்து நடத்தப் போகிறார் என்று குடும்பத்தில் முடிவெடுத்து, மற்றவர்களின் சம்மதத்தைச் சத்தியக் கடதாசியாக வாங்குங்கள். இடம், இயந்திரம், கழிவுநீர் ஏற்பாடு எதுவும் மாறவில்லை என்பதால் நடந்த பரிசோதனையின் அறிக்கையைப் பயன்படுத்தும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. அதைக் கடிதத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள்.

ஆலை கம்பனியின் பெயரில் இருந்திருந்தால் நிலைமை வேறு. கம்பனிக்கு மரணம் இல்லை, விண்ணப்பம் நிற்கிறது. ஆனால் அவர் ஒருவர்தான் பணிப்பாளராகவும் ஒரே பங்குதாரராகவும் இருந்திருந்தால், ஒப்பம் வைக்க ஆள் இல்லாமல் கம்பனி முடங்கிவிடும். இறப்புச் சொத்து நிர்வாகத்துக்கான வழக்கு முடியும் வரைக்கும் கடிதம் எழுதக்கூட ஆள் இருக்காது. ஒற்றைப் பணிப்பாளராக நடத்துகிற ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கும்போதே இரண்டாவது பணிப்பாளர் ஒருவரைச் சேருங்கள்.

"பணிப்பாளர் மாறினா படிவம் 20 போட்டா காணும்தானே?"

படிவம் 20 கம்பனிப் பதிவாளருக்கு. மாற்றம் நடந்து 20 வேலை நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் அதைக் கொடுத்ததால் அனுமதிப்பத்திர அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு திணைக்களம் மற்றத் திணைக்களத்தின் பதிவேட்டை உங்களுக்காகப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. படிவம் 20 இன் உறுதிப்படுத்திய பிரதியை நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவரே விலகியிருந்தால், இனி யார் ஒப்பமிடுவார் என்று ஒரு பணிப்பாளர் சபைத் தீர்மானமும் தேவை. மருந்துக்கடை போன்றவற்றில் இன்னும் கவனம்: அங்கே பதிவுபெற்ற மருந்தாளர் யார் என்பதுதான் முக்கியம். பணிப்பாளர் மாறியதை விட மருந்தாளர் மாறியதுதான் விண்ணப்பத்தைத் தடுக்கும்.

"கனடாவில இருக்கிற மச்சான் காசு போடுறார், பாதிக்கு மேல பங்கு கேட்கிறார். லைசன்ஸ் வரும்வரைக்கும் வச்சிருக்கணுமா, இப்பவே மாத்தலாமா?"

பங்கு கைமாறினாலும் கம்பனி அதே ஆள்தான் என்று முதல் பதிலில் சொன்னேன். இந்த இடத்தில்தான் அது போதாமல் போகிறது. யார் கம்பனியைக் கட்டுப்படுத்துகிறார் என்பது மாறினால் அறிவிக்க வேண்டும், சிலவற்றில் முன் சம்மதம் வேண்டும் என்று பல அனுமதிப்பத்திரங்களிலும் ஒப்பந்தங்களிலும் நிபந்தனை இருக்கும். முதலீட்டுச் சபையோடு ஒப்பந்தம் செய்த கம்பனி என்றால் அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்து வரி வரியாகப் பாருங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே பங்குதாரர் விவரம் கேட்டிருந்தால், நீங்கள் அன்று எழுதியது இன்று உண்மையில்லை. திருத்தாமல் விட்டால் பிழையான தகவல் கொடுத்ததாகவே ஆகும்.

மச்சான் கனேடியக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் இருந்தால் சட்டத்தில் அவர் வெளிநாட்டவர். கம்பனியின் பெயரில் காணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவரின் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடை செய்கிறது. நிலாவெளிக் கடற்கரையில் காணி வாங்கி ஹோட்டல் போடுகிற கம்பனிக்கு இது சிறிய விஷயம் அல்ல. காணி முதலே வாங்கியாகிவிட்டது என்று துணிந்து பங்கை மாற்றாதீர்கள். வாங்கிய பிறகு வெளிநாட்டுப் பங்கு கூடினாலும் உரித்தைப் பாதிக்கிற ஏற்பாடு அதே சட்டத்தில் இருக்கிறது. பங்கை 50 வீதத்துக்குக் கீழே நிறுத்தி, மிச்சப் பணத்தைக் கடனாகப் போடுவது போன்ற வழிகளைச் சட்டத்தரணியோடும் வங்கியோடும் பேசுங்கள்.

என் அபிப்பிராயம்: பணம் அவசரமில்லை என்றால் அனுமதிப்பத்திரம் வரும்வரை பொறுங்கள். அவசரம் என்றால், மாற்றுவதற்கு முன் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பங்கு கைமாறியது கம்பனிப் பதிவேட்டில் அடுத்த ஆண்டறிக்கையான படிவம் 15 வரும்வரை தெரியாமலும் போகலாம். 'யாருக்கும் தெரியாது' என்று சிலர் துணிவது அதனால்தான். படிவம் 15 வருகிற அன்று திகதியோடு தெரியும்.

"ரெண்டு கம்பனியை ஒண்டாக்கப் போறம். ஒண்டுக்கு விண்ணப்பம் உள்ள கிடக்கு. எதை மிச்சம் வைக்கிற?"

விண்ணப்பம் எந்தக் கம்பனியின் பெயரில் இருக்கிறதோ அதை மிச்சம் வையுங்கள். கம்பனிகள் சட்டப்படி இரண்டு கம்பனிகள் இணையும்போது ஒன்று தொடரலாம், அல்லது புதிதாக ஒன்று உருவாகலாம். தேர்வு உங்கள் கையில். கணக்காளர் வரிக்கு வசதி பார்த்து மற்றக் கம்பனியைத் தொடர வைப்பார்; அவருக்கு விண்ணப்பம் ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்.

சரி, விண்ணப்பித்த கம்பனிதான் மறையப் போகிறது என்றால்? இணைந்த கம்பனி மற்றதன் சொத்து, உரிமை, கடப்பாடு எல்லாவற்றையும் பெறுகிறது என்று சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி விண்ணப்பமும் எங்களுடையதே என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் விண்ணப்பம் என்பது இன்னும் கையில் வராத ஒன்று. அதை உரிமை என்று எல்லா அலுவலகமும் ஏற்காது. விண்ணப்பதாரரின் தகுதியைப் பார்த்துக் கொடுக்கிற அனுமதிப்பத்திரம் என்றால் புதிய ஆளின் தகுதியைத் திரும்பப் பார்க்கத்தான் செய்வார்கள். இணைப்பு யோசனை பங்குதாரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் போகிற அதே கிழமையில் அனுமதிப்பத்திர அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும். இணைப்புச் சான்றிதழ் வந்ததும் பிரதியோடு இரண்டாவது கடிதம்.

"கடையை விக்கிறவர், 'அப்ளிகேஷனும் உள்ள கிடக்கு, அதையும் சேர்த்துத் தாறன்' எண்டு கூட விலை சொல்றார். வாங்கலாமா?"

அவர் கம்பனியின் பங்குகளை விற்கிறாரா, கடையையும் பொருட்களையும் விற்கிறாரா என்று கேளுங்கள். பங்கு என்றால் விண்ணப்பம் கம்பனியோடு சேர்ந்து வரும், மேலே சொன்ன அறிவித்தல்களோடு. கம்பனியின் பழைய கடனும் வரி நிலுவையும் கூடவே வரும். கடையையும் பொருட்களையும் மட்டும் என்றால் விண்ணப்பம் உங்களுக்கு வராது. அவர் விற்க முடியாத ஒன்றுக்கு நீங்கள் விலை கொடுக்காதீர்கள். விற்கிறவர் கம்பனியாக இருந்து, விற்பது அதன் சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேல் என்றால், பங்குதாரரின் விசேட தீர்மானம், அதாவது வாக்களித்தவர்களில் 75 வீதச் சம்மதம், இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

"ஹோட்டலை ஒரு கம்பனியாவும், திமிங்கிலம் பார்க்கிற போட் வேலையை இன்னொரு கம்பனியாவும் பிரிக்கப் போறம். ரெண்டுக்கும் ஒரே விண்ணப்பம் காணுமா?"

காணாது. தாய்க் கம்பனியும் பிள்ளைக் கம்பனியும் சட்டத்தில் இரண்டு பேர். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள்: 2022 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி.யும் சேர்ந்து 61 தாங்கிகளுக்காகவே ட்ரிங்கோ பெற்றோலியம் டெர்மினல் என்ற தனிக் கம்பனியை, 51 வீதம் 49 வீதம் என்று, அமைத்தார்கள். பங்குக்காரர் இருவருக்கும் வேறு தாங்கிகள் இருக்கின்றன; ஆனாலும் அந்தத் தனிக் கம்பனி தனி ஆள்.

எந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களோ அந்த வேலையைப் பழைய கம்பனியிலேயே வைத்துவிட்டு, மற்றதைப் புதிய கம்பனிக்குக் கொண்டுபோங்கள். இரண்டுக்குமே விண்ணப்பம் உள்ளே என்றால், எதற்கு அதிக காலம் எடுக்குமோ அதைப் பழையதில் வையுங்கள்.

"கடிதம், கடிதம் எண்டு சொல்றீங்க. அதில என்னத்தை எழுதிற?"

ஒரு பக்கம் போதும். மேலே விண்ணப்ப இலக்கம், கொடுத்த திகதி, கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு இலக்கம். பிறகு இப்படி: 'மேற்படி விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த எமது கம்பனியில் இன்ன திகதியிலிருந்து இன்ன மாற்றம் நடைபெற்றுள்ளது. கம்பனியின் பதிவு இலக்கம் மாறவில்லை. இடம், இயந்திரங்கள், உற்பத்தி அளவு, கழிவு அகற்றும் முறை ஆகியவற்றில் மாற்றமில்லை. இணைத்துள்ள ஆவணங்களின்படி விண்ணப்பத்தைத் திருத்தி, தொடர்ந்து பரிசீலிக்குமாறும், மேலதிக ஆவணம் தேவையெனில் எழுத்தில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.' மாறாதவற்றை எழுதுவது மாறியதை எழுதுவதைப் போலவே முக்கியம். பரிசோதனையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை என்று உத்தியோகத்தர் குறிப்பெழுத அந்த வரிதான் துணை. ஏதாவது உண்மையில் மாறியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் 'கிடைக்கப்பெற்றது' முத்திரையும் திகதியும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு என்றால் பதிவுத் தபால். தமிழில் எழுதலாம், தமிழ் அரச கரும மொழி, கிழக்கில் நிருவாக மொழியும்கூட. ஆங்கிலம் தெரியவில்லையே என்று கடிதத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

"கவுண்டரில இருக்கிறவர் 'புதுசாப் போடுங்க' எண்டு வாயால சொல்லிட்டார். சும்மா திரும்பி வாறதா?"

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வாய்ச்சொல்லை வைத்துப் பழைய விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். 'புதிதாக விண்ணப்பிக்கும்படி இன்று அறிவுறுத்தப்பட்டோம். அதற்கான காரணத்தையும், பழைய விண்ணப்பத்தின் நிலையையும், கட்டிய கட்டணத்தை ஈடுசெய்ய முடியுமா என்பதையும் எழுத்தில் அறியத் தாருங்கள்' என்று பணிவாகக் கொடுங்கள். பதில் வரவில்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பைலின் நிலையைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். பைல் எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

"கட்டின காசு திரும்பக் கிடைக்குமா?"

பரிசோதனை நடந்திருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. நடக்கவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தில் பரிசோதனைக் கட்டணம் முதலீட்டின் அளவைப் பொறுத்தது. இரண்டு ஆலைகளை இணைத்து முதலீடு கூடினால் மிச்சம் கட்டவும் சொல்லலாம்.

"சீசன் தொடங்கிட்டுது. விண்ணப்பம் உள்ளதானே, நடத்தலாம்தானே?"

விண்ணப்பம் அனுமதிப்பத்திரம் ஆகாது. புதிய ஆளாக விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றால், பழையவரின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நடத்துவதும் ஆகாது. புதுப்பித்தலுக்கு உரிய காலத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களின் நிலை கொஞ்சம் பரவாயில்லை. அவர்களும் இடைக்காலத்தில் நடத்தலாம் என்று எழுத்தில் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு வருடம் எடுப்பது. அதனால் கம்பனி மாற்றத்தை டிசம்பர் கடைசியோடு பொருத்தினால், ஜனவரியில் புதிய ஆளின் பெயரிலேயே நேராகப் போட்டுவிடலாம். கடற்கரையோரம் என்றால் இன்னொன்று: சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே எந்த அபிவிருத்தி வேலைக்கும் தனி அனுமதி வேண்டும். அதையும் யார் பெயரில் எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

"கம்பனி மாறேல்ல, செய்யிற வேலைதான் மாறுது. அதுக்கு இதெல்லாம் தேவையில்லைதானே?"

இங்கே ஆள் அதே ஆள், ஆனால் கேட்ட பொருள் மாறிவிட்டது. சம்பூர் நல்ல உதாரணம். இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் சம பங்கில் அமைத்த திருகோணமலை மின் கம்பனி முதலில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்துக்காக வந்தது. அது 2016 இல் கைவிடப்பட்டு, பிறகு அதே கம்பனி 50, 70 மெகாவாற் என இரண்டு கட்டமாக 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு மாறியது. நிலக்கரிக்காகப் பார்த்த சுற்றாடல் ஆய்வு சூரிய மின்தகட்டுக்கு உதவாது.

உங்கள் ஐஸ் தொழிற்சாலையை மீன் பதனிடும் இடமாக மாற்றினாலும் இதே கணக்குத்தான். தேசிய சுற்றாடல் சட்டத்தில், அனுமதி பெற்ற திட்டத்தில் மாற்றம் செய்தால் அனுமதித்த நிறுவனத்துக்கு அறிவிப்பது திட்டக்காரரின் கடமை என்று தனிப் பிரிவே இருக்கிறது.

"நாங்க மாறேல்ல, மின்சார சபைதான் மாறுது. கூரை சோலாருக்குப் போட்ட விண்ணப்பம் என்னாகும்?"

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தன. அரசு தன் நிறுவனத்தைச் சட்டத்தால் பிரிக்கும்போது உரிமையையும் கடப்பாட்டையும் யார் ஏற்பது என்றும் சட்டத்திலேயே எழுதிவிடுகிறது. விண்ணப்பதாரர் செய்ய வேண்டியது, பற்றுச்சீட்டையும் விண்ணப்ப இலக்கத்தையும் கவனமாக வைத்திருந்து புதிய பெயருள்ள அலுவலகத்தில் ஒருமுறை உறுதிப்படுத்துவது. உங்கள் கம்பனியைப் பிரிக்கும்போது அப்படி ஒரு சட்டம் உங்களுக்குப் பின்னால் நிற்பதில்லை. அந்த வேலையை உங்கள் கடிதம்தான் செய்ய வேண்டும்.

"வாங்கிறவர் 'ஒப்பந்தம் முடியும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது' எண்டு எழுதி வாங்கிட்டார். அப்ப கந்தோருக்கு எப்பிடிச் சொல்ற?"

இரகசிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவதற்கு முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சட்டப்படியோ அனுமதிப்பத்திர நிபந்தனைப்படியோ அரச நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டியவை இதில் அடங்காது என்று. நியாயமான வாங்குநர் யாரும் இதை மறுக்கமாட்டார். அனுமதிப்பத்திரம் கெட்டுப்போனால் நட்டம் அவருக்கும்தான். ஏற்கெனவே ஒப்பமிட்டாயிற்று என்றால், அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு அறிவியுங்கள்.

பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அலுவலகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. முன் சம்மதம் வேண்டுமென்று நிபந்தனை இருந்தால் கைமாறுவதற்கு முன். இல்லையென்றால் கைமாறிய அன்றே. விற்பனை ஒப்பந்தத்தில் விண்ணப்பம் பற்றியும் ஒரு பந்தி இருக்கட்டும்: அறிவித்தல் கடிதத்தை யார் கொடுப்பது, மேலதிகக் கட்டணம் வந்தால் யார் கட்டுவது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விலையில் எவ்வளவு குறைவது. அந்தக் கடிதத்தின் வரைபையும் ஒப்பந்தத்தோடு இணைத்து, இரண்டு பக்கமும் அதிலேயே ஒப்பமிடுங்கள். கைமாறுகிற அன்று திகதியைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்கும்.